இரண்டு வீட்டு வாசல், இருபது வீட்டு வாசல்

ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக் கலைஞர் 1960களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், புரூயிட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்புக்குள் ஏறி இறங்கிப் பார்த்தபோது ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. படியேறி வந்ததும் இரண்டே வீடுகளுக்குப் பொதுவாக இருந்த சிறு நடை பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. 20 குடும்பங்கள் புழங்கிய வராந்தா நாசமாகிக் கிடந்தது. 150 குடும்பங்களுக்குப் பொதுவான நுழைவுக் கூடமும் லிஃப்ட்டும் படிக்கட்டும் அதைவிட மோசம். ஆனால் ஏதாவது ஒரு வீட்டுக்காரர் அழைத்து உள்ளே போனால், சாமான்கள் அதனதன் இடத்தில் அடுக்கி, பளிச்சென்று வைத்திருந்தார்கள். நடையைப் பெருக்கியவர்களும் வராந்தாவை அப்படியே விட்டவர்களும் ஒரே ஆட்கள். வாசற்படியிலிருந்து பத்தடி தள்ளிப் போனதும் அவர்கள் ஏன் கையை விரித்துவிட்டார்கள்?

இந்தக் கேள்வியிலிருந்துதான், கட்டடத்தின் அமைப்பைக் கொண்டே குற்றத்தைக் குறைக்க முடியுமா என்ற ஆராய்ச்சித் துறை ஒன்று பெரிதாக வளர்ந்தது. முதலில் அந்தக் கட்டடங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிடலாம்.

புரூயிட்-ஐகோவில் 11 தளங்கள் கொண்ட 33 கட்டடங்கள், மொத்தம் 2,870 வீடுகள். வடிவமைத்தவர் மினோரு யமசாகி. பின்னாளில் நியூயார்க்கின் உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுரங்களை வரைந்ததும் அவர்தான். 1954இல் குடியேற்றம் தொடங்கியது. லிஃப்ட் எல்லாத் தளங்களிலும் நிற்காது. 1, 4, 7, 10 ஆகிய தளங்களில் மட்டும் நிற்கும். மற்றத் தளத்துக்காரர்கள் இறங்கி, படியில் ஒரு மாடி ஏறியோ இறங்கியோ போக வேண்டும். லிஃப்ட் நிற்கும் தளங்களில் அகலமான நடைக்கூடம் ஒன்று இருக்கும். குழந்தைகள் விளையாடுவார்கள், பெண்கள் துணி காயப்போட்டபடி பேசிக்கொண்டிருப்பார்கள், கீழே தெருவில் நடப்பது மேலேயும் நடக்கும் என்பது யமசாகியின் கணக்கு. காகிதத்தில் பார்க்க அழகான யோசனைதான். கட்டடக் கலைப் பத்திரிகைகள்கூடப் பாராட்டி எழுதின.

நடந்தது வேறு. நடைக்கூடம் வீடுகளின் பார்வையில் படவில்லை. அங்கே யார் நிற்கிறார்கள் என்று உள்ளேயிருந்து எட்டிப் பார்க்க வழியே கிடையாது. வேலை முடிந்து இரவில் லிஃப்ட்டை விட்டு இறங்கும் பெண், ஆளரவமற்ற நடைக்கூடத்தைக் கடந்து, இரு பக்கமும் சுவர் மறைத்த படிக்கட்டில் ஒரு மாடி ஏற வேண்டும். வழிப்பறிக்காரனுக்கு இதைவிட வசதியான இடத்தைத் திட்டம் போட்டுக்கூடக் கட்டித்தர முடியாது.

செலவைக் குறைக்க எதையெல்லாம் வெட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தரைத்தளத்தில் வருவதாக இருந்த பொதுக் கழிப்பறைகளை நீக்கினார்கள். நடைக்கூட ஜன்னல்களுக்கான வலைத் தடுப்பு, நீராவிக் குழாய்களைச் சுற்றும் காப்பு உறை, படிக்கட்டுச் சுவர்களுக்கான பெயின்ட், மரம் செடி எல்லாம் போயின. கீழே விளையாடும் சிறுவனுக்கு அவசரம் வந்தால், லிஃப்ட் ஏறி, நடைக்கூடம் தாண்டி, படியேறி வீடு போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும். லிஃப்ட் ஏன் நாறியது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. (சிங்கப்பூரில் 1980களில் அடுக்குமாடி லிஃப்ட்டுகளில், யாராவது சிறுநீர் கழித்தால் கண்டுபிடித்து, கதவைத் திறக்கவிடாமல் மணியடித்துக் காட்டிக்கொடுக்கும் கருவியைப் பொருத்தினார்கள். கீழே ஒரு கழிப்பறை கட்டிவைப்பது அதைவிட மலிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.)

புரூயிட்-ஐகோவுக்கு எதிரே, சாலையைக் கடந்தால், கார் ஸ்கொயர் வில்லேஜ் என்ற பழைய அரசுக் குடியிருப்பு. உயரம் குறைந்த வரிசை வீடுகள். குடியிருந்தவர்களும் ஏறக்குறைய அதே வருமானமும் பின்னணியும் கொண்டவர்கள்தான். எதிரில் வீடுகள் காலியாகிக்கொண்டே போன காலம் முழுக்க அங்கே ஒரு வீடும் காலியில்லை, பெரிய தொந்தரவும் இல்லை என்று நியூமன் எழுதினார். ஆள் மாறாமல் கட்டடம் மட்டும் மாறிய ஒரு சோதனை தன் கண்ணெதிரே நடந்திருக்கிறது என்று அவர் கருதினார்.

1972இல் புரூயிட்-ஐகோவின் முதல் கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. நவீனக் கட்டடக் கலை அன்றோடு இறந்துவிட்டது என்று விமர்சகர் சார்லஸ் ஜெங்க்ஸ் பின்னால் அறிவித்தார். 1976க்குள் 33 கட்டடங்களும் தரைமட்டம். முதல் வெடி வெடித்த அதே 1972இல் நியூமனின் புத்தகமும் வந்தது. அவர் வாதம் இதுதான்: ஒரு இடத்தை எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதை யாராவது தன்னுடையதாக நினைப்பார்களா என்பது அமையும். இரண்டு வீட்டு நடையில் அந்நியன் ஒருவன் நின்றால், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது. 150 வீட்டு நுழைவுக் கூடத்தில் நிற்பவன் அந்நியனா, எட்டாவது மாடிக்காரரின் மச்சானா என்று யாருக்குத் தெரியும்? கேட்க மாட்டோம். கேட்க மாட்டோம் என்பது அவனுக்கும் தெரியும்.

நியூமனின் புத்தகத்துக்கு ஓர் ஆண்டு முன்பே, ஃபுளோரிடாவைச் சேர்ந்த குற்றவியலாளர் ரே ஜெஃப்ரி, சூழலின் அமைப்பு வழியே குற்றத் தடுப்பு என்ற பொருளில் ஒரு நூல் எழுதியிருந்தார். அந்தப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'செப்டெட்' என்று துறைக்காரர்கள் சொல்கிறார்கள். இன்று பல நாட்டுக் காவல் துறைகளில் இதற்கென்று தனி அலுவலர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1989 முதல், போலீஸே முன்னின்று கட்டடங்களுக்குப் பாதுகாப்புச் சான்று தரும் திட்டம் நடக்கிறது. சிங்கப்பூரின் குற்றத் தடுப்பு மன்றம் 2003இல் இதற்கு ஒரு கையேடே வெளியிட்டது. இயல்பாகவே நாலு கண் படும்படி இடத்தை அமைப்பது, வந்து போகும் வழிகளைக் குறைப்பது, பொது இடம் எங்கே முடிகிறது வீட்டாரின் இடம் எங்கே தொடங்குகிறது என்று புரியவைப்பது, பழுதானதை உடனே சரிசெய்வது. கையேடுகளில் இவற்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

நியூமன் சொன்னதில் ஓட்டை இல்லாமல் இல்லை. கேதரின் பிரிஸ்டல் 1991இல் எழுதிய கட்டுரையும், 2011இல் வந்த ஓர் ஆவணப்படமும் அந்தக் குடியிருப்பின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டின. கட்டுவதற்குத்தான் மத்திய அரசு பணம் தந்தது. பராமரிப்புச் செலவை வாடகையிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். செயின்ட் லூயிஸின் மக்கள்தொகை 1950இல் சுமார் 8,57,000. 1970இல் சுமார் 6,22,000. தொழிற்சாலைகளும் வசதியுள்ள வெள்ளையர்களும் புறநகருக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய ஏழைக் கறுப்பினக் குடும்பங்களால் வாடகை கட்ட முடியவில்லை. வாடகை வராததால் லிஃப்ட் பழுது பார்க்கப்படவில்லை. லிஃப்ட் ஓடாததால் இன்னும் நாலு பேர் காலி செய்தார்கள். வாடகை இன்னும் குறைந்தது. 1969இல் நகரின் அரசுக் குடியிருப்புவாசிகள் மாதக்கணக்கில் வாடகை தர மறுத்துப் போராடினார்கள். இத்தனைக்கும் பழியைத் தூக்கி நடைக்கூடத்தின் மேல் போட்டது அநியாயம் என்றார் பிரிஸ்டல்.

எனக்கு இரண்டு தரப்பிலும் நியாயம் தெரிகிறது. இரண்டு வீட்டு நடையைச் சுத்தமாக வைத்திருக்க ஒரு துடைப்பமும் கொஞ்சம் மனசும் போதும், அந்த மனசை வரவழைத்தது கட்டடத்தின் அமைப்பு. ஆனால் லிஃப்ட் மோட்டாரைத் துடைப்பத்தால் சரிசெய்ய முடியாது. தன் பொறுப்பு என்று ஒருவர் எவ்வளவுதான் நினைத்தாலும், பல்பு மாற்ற ஆள் வராத படிக்கட்டில் அந்தப் பொறுப்பு எத்தனை நாள் தாங்கும்? நியூமன் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் பிற்காலத்தில் வேலியும் கேட்டும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனது இந்த இரண்டாவது பாதியை மறந்ததால்தான்.

சரி, திருடர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது? அதே செயின்ட் லூயிஸில் ரிச்சர்ட் ரைட், ஸ்காட் டெக்கர் என்ற இரு ஆய்வாளர்கள், சிறையில் இருப்பவர்களை விட்டுவிட்டு, தொழிலில் இருக்கும்போதே 105 வீட்டுத் திருடர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். 1994இல் அது புத்தகமாக வந்தது. திருடர்களைப் பெரிதும் தயங்க வைத்தது, உள்ளே ஆள் இருக்கலாம் என்ற சந்தேகம். பெரும்பாலோர் ஆளில்லாத வீடாகப் பார்த்தே கைவைத்தார்கள். வண்டி நிற்கிறதா, தபால் சேர்ந்து கிடக்கிறதா, கதவைத் தட்டினால் யாராவது வருகிறார்களா என்று நோட்டம் விட்டார்கள். அடுத்துப் பார்த்தது, அக்கம்பக்கத்தார் கண்ணில் படுவோமா என்பது. பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டும் முன் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று நம் ஊர்ப் போலீஸ் வருடா வருடம் கேட்டுக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

இதை வைத்து, நம் தெருக்களில் ஆளுயரத்துக்கு மேல் எழுப்பி, உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்த மதில் சுவரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏறிக் குதிப்பது கஷ்டம்தான். ஆனால் குதித்துவிட்டவனுக்கு அந்தச் சுவரே திரை. பின்பக்கக் கதவை நிதானமாக நெம்பலாம். எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஒன்றும் தெரியாது. பழைய வீட்டுத் திண்ணை இதற்கு நேர் எதிர். தெருவையும் வீட்டையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். உட்கார்ந்திருப்பவர் காவல் காக்கவும் இல்லை, வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார். அந்தச் சும்மா இருத்தலுக்குத்தான் இந்தத் துறை இவ்வளவு மரியாதை தருகிறது.

அதை முதலில் எழுத்தில் வைத்தவர் ஜேன் ஜேக்கப்ஸ். நியூயார்க்கின் ஹட்சன் தெருவில் குடியிருந்த பத்திரிகையாளர், எந்தப் பட்டமும் இல்லாதவர். 1961இல் வந்த அவருடைய நூலில் ஒரு சின்னச் சம்பவம் உண்டு. அவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே ஒரு ஆள், எட்டு ஒன்பது வயதுச் சிறுமியைத் தன்னோடு வரச்சொல்லி வற்புறுத்துகிறான். அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறாள். இறங்கிப் போய்க் கேட்கலாமா என்று ஜேக்கப்ஸ் யோசிப்பதற்குள், இறைச்சிக் கடையிலிருந்து ஒரு பெண் கைகட்டி வந்து நிற்கிறார். பலசரக்குக் கடைக்காரர் வெளியே வருகிறார். பூட்டு வேலை செய்பவர், பழக்கடைக்காரர், சலவைக் கடைக்காரர் ஒவ்வொருவராக வாசலுக்கு வருகிறார்கள். அந்த ஆளுக்குத் தெரியாமலேயே அவனைச் சுற்றி வளையம் விழுந்துவிட்டது. விசாரித்தால், அவள் அவனுடைய மகள்தானாம். கதை சப்பென்று முடிவதுதான் இதில் எனக்குப் பிடித்தது. அங்கே குற்றம் எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தப்பியிருக்காது, அவ்வளவுதான்.

கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் உள்ள தெருவுக்கு இது பொருந்தும். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோரும் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போகிற இடத்துக்கு? சுரங்க ரயில் நிலையம் அப்படிப்பட்ட இடம். 1970களில் நியூயார்க்கின் சுரங்க ரயில் என்றால் கிறுக்கல், இருட்டு, பயம். தலைநகர் வாஷிங்டனில் புதிய மெட்ரோவுக்கு ஹாரி வீஸ் என்பவர் 1960களிலேயே படம் வரைந்திருந்தார். 1976 மார்ச் 27இல் முதல் வண்டி ஓடியது.

உள்ளே இறங்கியதும் கண்ணில் படுவது, தலைக்கு மேலே முழு நீளத்துக்கும் வளைந்து போகும் உயரமான கான்கிரீட் கூரை. அது அழகுக்காக மட்டும் வந்ததில்லை. கூரையை வளைவே தாங்குவதால் நடைமேடையில் தூண் வேண்டியதில்லை; தூண் இல்லாததால் ஒளிந்து நிற்க மறைவு இல்லை. ஒரு கோடியில் நிற்பவரை மறு கோடியிலிருந்து பார்க்கலாம். சுவருக்கும் நடைமேடைக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பதால் சாயக் குப்பியோடு வருபவனுக்குச் சுவர் கைக்கு எட்டாது. விளக்கு கீழிருந்து கூரையை நோக்கி வீசி, நிழல் விழாமல் பரவலாக வெளிச்சம் தரும். மூலை திரும்பித் திரும்பிப் போகும் நீண்ட சுரங்கப் பாதைகளைத் தவிர்த்தார்கள். பயணிகளுக்குக் கழிப்பறையும் பெட்டி வைக்கும் லாக்கரும் பஜ்ஜி காபி விற்கும் கடையும் வைக்கவில்லை. வேலையில்லாமல் நிற்க ஒரு காரணம்கூடக் கிடைக்கக் கூடாது என்பது திட்டம். சுவரில் யாராவது எதையாவது எழுதிவிட்டால் உடனுக்குடன் அழித்துவிடுவார்கள்.

நான்சி லா விக்னே என்ற குற்றவியலாளர் 1990களில் இதை ஆராய்ந்தார். அட்லான்டா, பாஸ்டன், சிகாகோ நகர ரயில்களோடு ஒப்பிட்டால் வாஷிங்டன் மெட்ரோவில் குற்ற விகிதம் குறைவு. அதைவிட முக்கியமாக, நிலையத்துக்கு மேலே உள்ள பகுதி எவ்வளவு மோசமாக இருந்தாலும் அது பெரும்பாலும் கீழே இறங்கி வரவில்லை. ஒரே ஊர், ஒரே ஆட்கள். படியிறங்கியதும் நடத்தை மாறுகிறது. செயின்ட் லூயிஸ் கதையைத் தலைகீழாகத் திருப்பிப் படித்த மாதிரி இருக்கிறது.

ஆனால் இந்த ஒழுங்குக்கு ஒரு விலை இருந்தது. 2000ஆம் ஆண்டில், ஒரு நிலையத்தில், எதுவும் தின்னக் கூடாது என்ற விதியை மீறி, ஒற்றை உருளைக்கிழங்கு வறுவலைத் தின்ற 12 வயதுச் சிறுமியைக் கைவிலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2004இல், நடந்ததில் யாருக்கும் மகிழ்ச்சியில்லை, ஆனாலும் அரசியல் சட்டத்தை மீறவில்லை என்ற பொருளில் தீர்ப்பு எழுதியவர், பின்னாளில் அமெரிக்கத் தலைமை நீதிபதியான ஜான் ராபர்ட்ஸ். கட்டடமே பாதி வேலையைச் செய்துகொண்டிருக்க, மீதியைச் செய்ய வந்தவர்கள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போனதன் கதை அது.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. திருட நினைத்தவன் இங்கே முடியாவிட்டால் அடுத்த தெருவுக்குப் போகப் போகிறான், இதில் என்ன லாபம்? நியாயமான சந்தேகம். பதில், யாரும் எதிர்பாராத ஒரு மூலையிலிருந்து வந்தது: ஹெல்மெட். மேற்கு ஜெர்மனியில் இருசக்கர வண்டி ஓட்டுபவர் ஹெல்மெட் போட வேண்டும் என்ற சட்டம் 1976லேயே வந்தாலும், பிடித்த இடத்திலேயே அபராதம் என்று 1980இல்தான் ஆனது. அந்த ஆண்டு நாட்டில் சுமார் 1,50,000 மோட்டார் சைக்கிள்கள் திருடுபோயின. 1986இல் சுமார் 54,000. திருடர்கள் திருந்திவிடவில்லை. வண்டித் திருட்டில் பெரும்பகுதி, பார்த்தவுடன் ஆசைப்பட்டு ஏறிப் போகிற வகை. அப்படி ஏறுகிறவன் கையில் ஹெல்மெட் இருக்காது. வெறும் தலையோடு போனால் முதல் சிக்னலிலேயே மாட்டிக்கொள்வான். சரி, அவர்களெல்லாம் கார் திருடப் போய்விட்டார்களா? கார் திருட்டு கொஞ்சம் ஏறியது, ஆனால் குறைந்துபோன அந்த லட்சத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. குற்றத்தைத் தடுக்க வேண்டும் என்று யாரும் நினைத்துப் போட்ட சட்டமும் இல்லை அது. மண்டை உடையாமல் இருக்கப் போட்டது.

2009இல் ராப் கெரெட், கேட் போவர்ஸ் ஆகியோர் இப்படிப்பட்ட 102 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். குற்றம் வேறிடத்துக்கு நகர்ந்ததற்கான அறிகுறி 26 சதவீத அவதானிப்புகளில் தெரிந்தது. அதே அளவில், 27 சதவீதத்தில், எந்த ஏற்பாடும் செய்யாத பக்கத்துப் பகுதிகளிலும் குற்றம் சேர்ந்தே குறைந்திருந்தது. எங்கே விளக்கு போட்டார்கள், எங்கே போடவில்லை என்பது திருடனுக்கு அத்தனை துல்லியமாகத் தெரியாது அல்லவா.

இதுவரை சொன்ன ஆதாரங்களில் பலவும் முன்பின் ஒப்பீடுகள்தான், மருந்தைச் சோதிப்பதுபோல் குலுக்கல் முறையில் செய்த சோதனைகள் இல்லை. அண்மைக் காலத்தில் அவையும் வந்துவிட்டன. நியூயார்க்கில் 2016இல், குற்றம் மிகுந்த அரசுக் குடியிருப்புகளில் குலுக்கலில் தேர்ந்தவற்றுக்கு மட்டும் டீசலில் ஓடும் பெரிய விளக்குக் கோபுரங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரவு நேரத்தில் வெளியிடங்களில் நடந்த கடும் குற்றங்கள் ஏறக்குறைய 36 சதவீதம் குறைந்தன. ஃபிலடெல்ஃபியா சோதனை எனக்கு இதைவிடச் சுவையானது. அங்கே கைவிடப்பட்ட 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் வந்தவற்றில் குப்பை அள்ளி, மண்ணைச் சமன்படுத்தி, புல் விதைத்து, சில மரக் கன்றுகள் நட்டார்கள். சுற்றிலும் முழங்காலுக்குச் சற்று மேல் வரும் மரவேலி. அதிலும் ஆள் போக வர வழி விட்டார்கள். அதற்கு முன் அந்தப் புதர்களும் குப்பை மேடுகளும், துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒளித்து வைக்க வசதியாக இருந்தன. சார்லஸ் பிரனாஸ் குழுவினர் 2018இல் வெளியிட்ட முடிவின்படி, வறுமைக் கோட்டுக்குக் கீழான பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. அந்த வேலியை ஒரு சிறுவன் தாண்டிவிடலாம். யாரையும் தடுக்க அது போடப்படவில்லை. இந்த இடத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்ல மட்டும் போடப்பட்டது.

தடுப்பதற்கென்றே வருபவையும் உண்டு. 2012இல் லண்டனின் கேம்டன் பகுதிக்காகச் செய்த கான்கிரீட் பெஞ்ச் அந்த வகையில் பேர் போனது. மேற்பரப்பு எல்லாப் பக்கமும் சரிவு, படுக்க முடியாது. ஓரம் வளைந்து நெளிவதால் சறுக்குப் பலகைப் பையன்கள் ஏற முடியாது. இடுக்கே இல்லாததால் போதைப் பொட்டலத்தைச் செருகி வைக்க முடியாது. பெயின்ட் ஒட்டாது. உட்கார்ந்திருப்பவரின் பையை யாரும் உருவாமல் இருக்க, காலுக்குப் பின்னால் குழிவுகூட வைத்திருக்கிறார்கள். ஒரு விஷயம்தான் பாக்கி: அதில் சௌகரியமாக உட்கார முடியுமா? வீடில்லாதவர் தூங்குவதும் திருட்டும் ஒரே பட்டியலில் வந்துவிட்டதைக் கவனியுங்கள். குற்றத்தைத் தடுக்கப் புறப்பட்ட வடிவமைப்பு, கண்ணுக்குப் பிடிக்காத ஆளைத் தடுப்பதில் வந்து நிற்பது மிகச் சுலபம்.

கொலம்பியாவின் மெடயின் நகரம் எதிர்த் திசையில் போனது. ஒரு காலத்தில் போதைக் கும்பல்களின் கொலைகளுக்குப் பேர் போன ஊர். 2004இல் மலைச்சரிவிலிருந்த ஏழைக் குடியிருப்புகளை நகரின் ரயிலோடு இணைத்துக் கம்பிவடப் பெட்டிகள் ஓடத் தொடங்கின. கூடவே தெருவிளக்கு, நடைபாலம், நூலகப் பூங்கா எல்லாம் வந்தன. 2012இல் வந்த ஓர் ஆய்வு, அந்த வசதிகள் வந்த பகுதிகளில் கொலைகள் குறைந்த வேகம், வராத அதே மாதிரிப் பகுதிகளைவிட 66 சதவீதம் அதிகம் என்று கண்டது. இங்கே யாரையும் வெளியே நிறுத்தவில்லை. மேலே இருந்தவர்களைக் கீழே உள்ள நகரத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

சென்னையில் நடந்தது இதற்கு மாறு. கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தவர்களை, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஊருக்குத் தெற்கே பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பே, 2000 முதல், கண்ணகி நகர் அப்படி உருவாகியிருந்தது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்க்கொண்டிருந்த இடத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி வீடு. பெரும்பாக்கத்தில் அடிக்கடி நின்றுபோகும் லிஃப்ட். முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். 2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். ஊர்க்காரர்கள் பெருமையாகக் காட்டினார்கள், நல்ல காரியம்தான். ஆனால் செயின்ட் லூயிஸ் கதை தெரிந்தவர் அங்கே போனால் சுவருக்கு முன் படிக்கட்டைத்தான் பார்ப்பார்: ஒரு படிக்கட்டைப் பங்கு போடுவது எத்தனை வீடு, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருகிறார், அந்தச் செலவு யார் கணக்கில்.

இப்படிக் கேட்டுப் பார்ப்பதற்குப் பாதுகாப்புத் தணிக்கை என்று ஒரு முறையே இருக்கிறது. 1989இல் கனடாவின் டொரான்டோவில் ஒரு பெண்கள் அமைப்பு அதைத் தொடங்கியது. நிபுணர் வந்து அளப்பதற்குப் பதில், அந்த வழியில் தினமும் போகும் பெண்களே இருட்டிய பிறகு கையில் தாளோடு நடந்து, எந்த இடத்தில் பயமாக இருக்கிறது, ஏன் என்று குறித்துக்கொண்டு வருவார்கள். டெல்லியில் ஜாகோரி என்ற பெண்கள் அமைப்பு இதைச் செய்தது. 2013இல் கல்பனா விஸ்வநாத்தும் கூட்டாளிகளும் 'சேஃப்டிபின்' என்ற செயலியாக அதை ஆக்கினார்கள். வெளிச்சம், நடைபாதை, பேருந்து எவ்வளவு தூரம் என்பதோடு, இந்த இடத்தைப் பார்த்தபடி ஜன்னலோ வாசலோ கடையோ இருக்கிறதா, சுற்றி நிற்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்றும் அதில் மதிப்பெண் போட வேண்டும்.

தெருவோர வியாபாரிகள் இருக்கும் நிறுத்தத்தில் பெண்கள் தைரியமாக நிற்கிறார்கள் என்பது இந்தத் தணிக்கைகளில் மறுபடி மறுபடி வந்த விஷயம். நம் ஊரிலும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார். ராத்திரி ஒன்பதரைக்கு பஸ்ஸை விட்டு இறங்கும்போது முனையில் இட்லிக் கடை அக்கா, பூக்காரம்மா, இஸ்திரி வண்டிக்காரர் இருந்தால் ஒரு மாதிரி, வெறும் சோடியம் விளக்கு மட்டும் எரிந்தால் வேறு மாதிரி. ஆனால் நடைபாதை ஆக்கிரமிப்பு என்று முதலில் அகற்றப்படுவதும் அந்த வண்டிகள்தான். அதே முனையில் ஆறு மாதம் கழித்து, பெண்கள் பாதுகாப்புக்கென்று கேமராக் கம்பம் நட டெண்டர் விடுவார்கள். இரண்டு கோப்புகளும் ஒரே அலுவலகத்தில், இரண்டு மேசைகளில் இருக்கும்.